துணிக்கொடி

மூஞ்சிக்கல் கடைத்தெருவில் யாரோ கொடி ஏற்றினார்களாம்,
மூன்று பேரைப் பிடித்துப் போனார்கள்.
நான் கட்டியதும் கொடிதான்.
கரடிச்சோலை ஓடைக்கரையில்
இரண்டு கற்பூர மரங்களுக்கு நடுவே,
துணி காய.

என்னை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.
வெளுத்த வேட்டியை வாங்க வந்தவன்போல
ராயப்பன் வந்தான், தந்தி ஆபீஸ் லைன்மேன்,
ராத்திரி பதினோரு மணிக்கு.
தோளில் சுருண்டு கிடந்தது அறுபது முழம் செம்பு.
பெருமாள்மலை வளைவில் வெட்டியது.
விடிந்தால் அவனைத்தான் அனுப்புவார்கள்
வெட்டிய இடத்தை ஒட்டவைக்க.
"எங்கேயாவது வை, அக்கா."
அவ்வளவுதான் பேச்சு.

பூம்பாறை மந்தையன் பூண்டுப் பொதிக்குள்
நோட்டீசு கொண்டுவருகிறான், கோவேறு கழுதை மேலே.
கையை மோந்தாலே சொல்லிவிடலாம்
யார் யார் படித்தார்கள் என்று.
கிளப்பு பட்லர் ஞானாதிக்கம்
துரைமார் பேச்சை எச்சில் தட்டோடு எடுத்துவருகிறான்.
சுதந்திரம் என்று சொல்லவராது அவனுக்கு,
சொதந்தரம் என்பான்.
ரொட்டி கருகியதற்கு ஒருநாள் கன்னத்தில் வாங்கியவன்.
அதற்கு மேல் காரணம் கேட்டால் தலையைச் சொறிவான்.

என் காரணம் சின்னது.
பட்டாளத்துத் துணி வெளுக்கச் சிங்கப்பூர் போனார் தொம்மை.
பங்குனியில் ஒரு தந்தி.
தபால்காரர் இரண்டுமுறை படித்தார்: காணவில்லை.
ஒரு கைக்குட்டை தொலைந்தால்
நான் இரண்டணா கட்டவேண்டும்,
கணக்கு நோட்டில் குறி போட்டுத் தருவார்கள்.
ஆள் தொலைந்ததற்கு
எந்த நோட்டிலும் குறி இல்லை.

மறுநாள் வீடுவீடாய்ச் சோதனை.
பரணைக் குத்தினார்கள், கோழிக்கூண்டைக் கவிழ்த்தார்கள்,
செண்பகனூரில் ஒரு கிணற்றையே இறைத்தார்கள்.
என் கரைக்கும் வந்தார்கள்.
கம்பி தெரியாமல் ஈரம் தொங்கியது:
கிளப்பு மேசைவிரிப்பு, மிஷன் பள்ளிப் போர்வை,
இன்ஸ்பெக்டரின் காக்கிக் கால்சட்டை நான்கு.
"எப்போது காயும்?"
"பனி விட்டால்தானே, ஐயா."
லத்தியால் ஒரு போர்வையை விலக்கி
ஓடையைப் பார்த்தார்.
மேலே பார்க்கவில்லை.

ஒன்றை நான் நினைக்கவில்லை.
ஈரம் பட்டால் செம்பு பச்சை பூக்கும்.
உள்பக்கம் திருப்பிக் காயப்போட்ட கால்சட்டையில்
தொடைக்குக் குறுக்கே ஒரு பச்சைக் கோடு.
புளி வைத்துத் தேய்த்தேன்.
வெள்ளையில் போனது, காக்கியில் போகவில்லை.
மறுபடி திருப்பி, கரிப்பெட்டியால் நன்றாக அழுத்தி,
மடித்துக் கொடுத்துவிட்டேன்.
அதைப் போட்டுக்கொண்டுதான்
கம்பி தேடி ஏரியைச் சுற்றினார்.

ராயப்பன் சிரித்தான். நானும் சிரித்தேன்.
படுத்த பிறகுதான் அது வந்தது:
வெட்டும்போது உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது?
துரைமார் உத்தரவு மட்டுமா?
உருளைக்கிழங்கு விலை, யாருக்கோ தலைப்பிரசவம்,
ரங்கூனிலிருந்து நடந்தே வந்துசேர்ந்தவன் பெயர்,
இல்லை
ஆள் இருக்கிறான், கால் மட்டும் போய்விட்டது
என்று எனக்கே ஒரு வரி?

"அதெல்லாம் கம்பியில் தங்காது, அக்கா" என்றான்.
அவன் லைன்மேன், அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் காற்றடித்தால் அது இரைகிறது.
துணி எடுத்த பிறகு, யாரும் இல்லாதபோது,
எக்கி நின்று காதை வைக்கிறேன்.
ஆவணிக் குளிரில் செம்பு சுடுகிறது.
ஒன்றும் விளங்கவில்லை.

நேற்று ராத்திரி மறுபடி வந்தான்.
நாற்பது முழம்.
இந்தத் தடவை வெட்டும்முன்
கொஞ்சநேரம் நின்றானாம், நான் கேட்டதை நினைத்து.
நின்றுவிட்டு வெட்டினானாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஓடைக்கு அந்தப்பக்கம் இரண்டு மரம் பார்த்து
இரண்டாவது கொடியும் கட்டிவிட்டேன்.
கோடைக்கானலில் அழுக்குத் துணிக்கு
இப்போதைக்குக் குறைவில்லை.